மறுமொழி: பொசிஷனிங் – ‘வாகமைத்தல்’ சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

அறுவை அரங்க உதவியாளர்களுக்கான கையேட்டில் ‘பேஷன்ட் பொசிஷனிங்’, அதாவது அறுவைக்கு ஏற்றபடி நோயாளியைப் படுக்கவோ உட்காரவோ வைப்பது, என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். 1950இல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கி முக்கால் நூற்றாண்டு ஆகிறது. நாங்கள் இன்னும் “பொசிஷன் குடுங்க” என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே முன்வைக்கப்பட்ட ‘நிலைப்படுத்தல்’ எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி மோதித் தலையில் அடிபட்டு வருபவருக்கு மூச்சுக்குழாய் போட்டு, ரத்த அழுத்தத்தைத் தேற்றுகிறோமே, அதுதான் நிலைப்படுத்தல். புலவர் ஐயா சொன்ன ‘கிடத்தல்’ இலக்கணப்படி சரி. ஆனால் எங்கள் ராயபுரத்தில் யாரைக் கிடத்துவார்கள் என்று ஐயாவுக்குத் தெரியாதா? “உங்கள் கணவரைக் குப்புறக் கிடத்தி” என்று படிவத்தில் இருந்தால் எந்த அம்மா கையெழுத்துப் போடுவார்? அதோடு, சில மூளை அறுவைகளை உட்கார வைத்தே செய்கிறார்கள்.

மயக்கம் கொடுத்தபின் கத்தி எடுப்பதற்கு முன்னால் நடக்கிற இந்த வேலையில்தான் பாதி விஷயம் தீர்மானமாகிவிடுகிறது. மூளைக்குப் போன ரத்தம் கழுத்துச் சிரைகள் வழியாகத்தான் இறங்க வேண்டும். தலைப்பக்கத்தை 15 முதல் 30 டிகிரி வரை உயர்த்தினால் அது நன்றாக வடியும், மண்டைக்குள் அழுத்தம் குறையும். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்காமல் கொத்தனார் வாட்டம் பார்க்கிற கணக்குத்தான். தலையை உயர்த்திவிட்டு, கழுத்தை அளவுக்கு மீறித் திருப்பினாலோ மடக்கினாலோ சிரை நசுங்கிப்போகும். எலும்பைத் திறந்ததும் மூளை பொம்மென்று எழும்பி நிற்கும். அறுவை மருத்துவர் உள்ளே போக வழியிருக்காது. அதனால்தான் மூன்று முள் கவ்வியில் தலையைப் பூட்டியதும், முகவாய்க்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று மயக்க மருத்துவர் கைவிட்டுப் பார்ப்பார். நுழையாவிட்டால் கவ்வியைத் தளர்த்தி மறுபடி முதலிலிருந்து.

உட்கார வைப்பதில் லாபமும் பெரிது, ஆபத்தும் பெரிது. சிறுமூளைப் பக்கம் வேலை செய்யும்போது ரத்தமும் மூளைத் தண்டுவட நீரும் தானாகவே கீழே வடிந்துவிடும். பார்க்கிற இடம் சுத்தமாக இருக்கும். ஆனால் காயம் இதயத்தைவிட உயரத்தில் இருப்பதால் திறந்த சிரை வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளலாம். மற்ற சிரைகள் என்றால் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். மூளை உறைக்குள் ஓடும் பெருஞ்சிரைகளும் எலும்புக்குள் இருப்பவையும் அப்படி ஒட்டாது, வாயைத் திறந்தபடியே இருக்கும். உள்ளே போன காற்று இதயத்தின் வலப்பக்கம் சேரும். பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே கருவிலிருந்த துளை முழுக்க மூடியிருக்காது; அவர்களுக்கு அந்தக் காற்று இடப்பக்கம் தாண்டி மூளைக்கே போகலாம். முன்கூட்டியே எக்கோ எடுப்பது இதற்காகத்தான். மூச்சில் வெளியேறும் கரியமில வாயு திடீரென்று இறங்கினால், காற்று புகுந்துவிட்டதோ என்று எல்லார் கையும் நின்றுவிடும். காயத்தை உப்புநீரால் நிரப்பு, தலையைத் தாழ்த்து என்று அரங்கமே மாறிவிடும். இந்தப் பயத்தினாலேயே பல இடங்களில் உட்கார வைப்பதைக் குறைத்துவிட்டார்கள்.

குப்புறப் படுக்க வைத்தால் கண்மேல் அழுத்தம் விழக் கூடாது, பார்வையே போய்விடலாம். வயிறும் நசுங்கக் கூடாது. சின்ன விஷயங்களும் உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் காசிமேட்டு மீனவர் ஒருவருக்குக் கட்டியை முழுசாக எடுத்தாயிற்று. கண் விழித்த மனிதர் கட்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை. “சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்திருக்கே, வலையை எப்படிமா இழுக்கிறது?” என்றுதான் கேட்டார். முழங்கைக்கு அடியில் வைக்க வேண்டிய பஞ்சு மெத்தை நழுவி, அங்கே ஓடும் நரம்பு அழுந்தியிருந்தது. சில மாதத்தில் சரியாகிவிட்டது என்பது வேறு கதை.

ஆகவே, படுப்பதும் உட்காருவதும் சேர்ந்து அடங்குகிற, மயக்கத்தில் இருப்பவருக்கு மற்றவர்கள் செய்கிற வேலை என்று தெரிகிற சொல்லாக வேண்டும். எங்கள் பக்கம் “வாட்டமா படு” என்போம். பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் எழுத்தில் ‘நோயாளி வாட்டம்’ என்றால் ஆள் வாடிப்போனதாகத்தான் படும். “வாகா புடி” என்கிறோமே, அந்த ‘வாகு’ எல்லா ஊரிலும் செல்லும். வாகு + அமைத்தல், வாகமைத்தல். வினையாகவும் வளையும்: ‘நோயாளியைக் குப்புற வாகமைத்தபின் கண்களைச் சோதிக்கவும்.’ உடல்வாகோடு குழம்பாதா என்று பெரம்பூர் நண்பர் கேட்கக்கூடும். ‘உடல்’ என்று முன்னால் ஒட்டாமல் இருந்தால் குழம்பாது.

உட்பிரிவுகளுக்கு வீட்டுச் சொற்களே போதும்: மல்லாந்த வாகு, குப்புற வாகு, ஒருக்களித்த வாகு, அமர்ந்த வாகு. ‘பார்க் பெஞ்ச்’ என்பதைப் ‘பூங்கா இருக்கை நிலை’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள்; உதவியாளர் நாற்காலி தேடுவார். ஒருக்களித்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, கீழ்க்கையை மேசை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டுத் தாங்கு கொடுப்பதுதான் அது. ‘கைதொங்கு ஒருக்களிப்பு’ என்றால் செய்யவேண்டியது சொல்லிலேயே இருக்கிறது.

இது கையேட்டுக்கு மட்டும். நோயாளி வீட்டாரிடம் கொடுக்கும் படிவத்தில் ‘படுக்க வைக்கும் முறை’, ‘உட்கார வைக்கும் முறை’ என்றே இருக்கட்டும். டிரெண்டலன்பர்க் (தலை தாழ்ந்து கால் உயர்ந்தது), ஃபவுலர் (முதுகை உயர்த்திச் சாய்ந்து உட்கார்ந்தது) போன்ற ஆள்பெயர் வாகுகளை அப்படியே வைப்பதா, தலைதாழ்ந்த வாகு என்பதுபோல் மாற்றுவதா என்பதற்கு உங்கள் கருத்து வேண்டும். நான் மாற்றலாம் என்ற பக்கம்.