மான்செஸ்டர் யுனைடெட், இங்கிலாந்து அணிகளின் கால்பந்து வீரர் பால் ஸ்கோல்ஸ் ஆடியதை நேரில் பார்த்தவர்கள்: இன்னும் மனத்தை விட்டுப் போகாத நொடி எது?

மேற்கு அடுக்கு எழுதியது:

2008 ஏப்ரல் 29, யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டு, பார்சிலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். 14ஆவது நிமிடத்தில் பார்சிலோனாவின் ஸாம்ப்ரோட்டா அரைகுறையாக விலக்கிவிட்ட பந்தை ஸ்கோல்ஸ் என்ன செய்தார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் அந்தக் கோலைப் பற்றி எழுத வரவில்லை.

இரண்டாம் பாதி. எங்கள் பக்கத்து எல்லைக்கோட்டில் யுனைடெட் வீரர் ஒருவர் பந்தை உள்ளே எறியக் காத்திருந்தார். ஸ்கோல்ஸ் பத்துப் பதினைந்து கஜம் தள்ளி, பந்தில் அக்கறையே இல்லாதவர் போல நடந்துகொண்டிருந்தார். எறிபவர் கையை உயர்த்துவதற்குள் அவர் ஒருமுறை வலத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். பந்து கையை விட்டுப் புறப்பட்டதும் இன்னொருமுறை, இம்முறை இடப்பக்கம். பந்து அவர் காலுக்கு வந்தபோது இரண்டு பார்சிலோனா வீரர்கள் முதுகோடு ஒட்டி நின்றார்கள். ஒரே தொடுதலில் பந்து மறுபக்கம் போய்விட்டது. அவர்கள் இருவரும் வெறும் இடத்தைச் சுற்றி வளைத்து நின்றார்கள்.

அந்த ஆட்டத்தின் பதிவைப் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். பந்து எறியப்படுவது தெரிகிறது, அவர் அதைத் திருப்பி அனுப்புவதும் தெரிகிறது, ஆனால் அந்த இரண்டு பார்வைகளும் படத்தில் இல்லை, ஏனென்றால் ஒளிப்படக்கருவி பந்தின் பின்னாலேயே போகிறது. அன்று எதிரணியில் ஆடிய ஸாவி, தான் பார்த்த நடுக்கள வீரர்களில் இவரைத்தான் முதலிடத்தில் வைப்பதாகப் பின்னாளில் சொன்னார் என்றால், படத்தில் வராத இதைத்தான் அவர் களத்தில் பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும் என்று நம்புகிறேன். நேரில் பார்த்த மற்றவர்களும் எழுதுங்கள்.

நீலச்சட்டை எழுதியது:

நான் மான்செஸ்டர் சிட்டி ஆதரவாளன், அதனால் என் நினைவு இனிமையானது அல்ல. 2010 ஏப்ரல் 17, எங்கள் மைதானம், 90 நிமிடம் கழிந்து நடுவர் கூட்டிய நேரத்தின் மூன்றாவது நிமிடம், கோல் இல்லாமல் முடியப்போகிற ஆட்டம். யுனைடெட்டின் எவ்ரா இடப்பக்கத்திலிருந்து பந்தை உள்ளே அனுப்ப ஆயத்தமானபோது, எங்கள் பின்கள வீரர்கள் எல்லோரும் யுனைடெட்டின் உயரமானவர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கோல்ஸ் பெனால்டி பகுதிக்கு வெளியே தனியாக நின்றார். நான் இருந்த இடத்திலிருந்து அவரை மட்டும் தெளிவாகப் பார்க்க முடிந்தது, அவர் ஓடத் தொடங்குவதற்கு முன்பே எனக்கு வயிற்றைக் கலக்கியது. கத்தினேன், ஆனால் அத்தனை பேர் கத்தும் இடத்தில் யாருக்குக் கேட்கும்? அவர் வந்தார், தலையால் முட்டினார், எங்கள் கோல்காப்பாளர் ஷே கிவனைத் தாண்டிப் பந்து உள்ளே போனது.

யுனைடெட் அந்தப் பருவத்தில் செல்சியிடம் ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தது என்பது எனக்குச் சிறிய ஆறுதல். ஆனால் அணியிலேயே குள்ளமானவர்களில் ஒருவரை, அதுவும் 35 வயதில், அந்த இடத்தில் யாரும் காவல் காக்காமல் விட்டது எப்படி என்ற கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

லீட்ஸ் சாலை எழுதியது:

அவரைக் காவல் காப்பது ஏன் கடினமாக இருந்தது என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 1993 மே மாதம், இளைஞர் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி, முதல் ஆட்டம் ஓல்ட் டிராஃபோர்டில் நடந்தது. இளைஞர் ஆட்டத்துக்கு 30,000க்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். யுனைடெட் இளைஞர் அணியிலிருந்து எழுந்தவர்களை '1992ஆம் ஆண்டுத் தலைமுறை' என்று இப்போது எல்லோரும் சேர்த்துச் சொல்வதால் பலர் மறந்துவிடுகிறார்கள்: 1992இல் கோப்பையை வென்ற இறுதியாட்டத்தில் ஸ்கோல்ஸ் ஆடவில்லை. அடுத்த ஆண்டு இறுதியில்தான் ஆடினார், அதில் யுனைடெட் லீட்ஸிடம் தோற்றது.

அன்று அவர் முன்களத்தில் ஆடினார். செம்பட்டை முடி, சிறிய உடம்பு, ஆஸ்துமா வேறு. தன்னைவிட ஒரு தலை உயரமான பின்கள வீரர் முதுகில் சாய்ந்து நிற்க, அவர் பந்தை வாங்கிக்கொண்டே இருந்தார். மோதினால் தோற்றுவிடுவார் என்பது அவருக்கே தெரிந்திருந்தது, அதனால் மோதல் நிகழும் முன்பே பந்தை அனுப்பிவிட்டு நகர்ந்தார். 1994 செப்டம்பரில் போர்ட் வேலுக்கு எதிராக யுனைடெட்டின் முதன்மை அணிக்குத் தான் ஆடிய முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் அடித்தவரும், யுனைடெட் முன்கள வீரர் கான்டோனா தடையில் இருந்த மாதங்களில் அவர் இடத்தை நிரப்பியவரும் இந்த முன்கள வீரர்தான். 1997இல் யுனைடெட் நடுக்கள வீரர் ராய் கீனுக்கு முழங்கால் தசைநார் அறுந்த பிறகே ஸ்கோல்ஸ் நடுக்களத்தில் நிலைபெற்றார். முதுகுப்பக்கம் யார் இருக்கிறார் என்று பார்க்கும் பழக்கம் முன்களத்தில் பிழைப்பதற்காக வந்தது, பெனால்டி பகுதிக்குள் எப்போது நுழைய வேண்டும் என்ற அறிவும் அங்கிருந்தே வந்தது என்பது என் துணிபு.

காம்ப் நோ மூன்றாம் மாடி எழுதியது:

எல்லோரும் அவருடைய கண்ணைப் புகழ்கிறீர்கள், அவருடைய காலைப் பற்றியும் பேச வேண்டும். 1999 மே 26 அன்று பார்சிலோனா நகரின் காம்ப் நோ மைதானத்தில் நான் இருந்தேன். சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பயர்ன் மியூனிக்கிடம் 90ஆவது நிமிடம் வரை பின்தங்கியிருந்து, ஷெரிங்காமும் சோல்ஷாரும் நடுவர் கூட்டிய நேரத்தில் அடித்த கோல்களால் யுனைடெட் வென்ற இரவு. எல்லோரும் கோப்பையைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருக்க, மஞ்சள் அட்டைத் தடையால் ஆட முடியாத கீனும் ஸ்கோல்ஸும் கோட்டும் சூட்டுமாக ஓரத்தில் நின்றார்கள். அழைத்துத்தான் களத்துக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. கோப்பை கைக்கு வந்தபோது அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவர் போல ஸ்கோல்ஸ் நின்றதை நான் மறக்கவில்லை. நான்கு நாட்களுக்கு முன்புதான் நியூகாஸிலுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை இறுதியில் கோல் அடித்திருந்தார்.

அந்தத் தடை விதியின் கொடுமை என்று பலர் எழுதுகிறார்கள். நான் ஏற்கவில்லை. டுரினில் ஜுவென்டஸுக்கு எதிரான அரையிறுதியில் மாற்று வீரராக இறங்கிய சிறிது நேரத்திலேயே தேவையற்ற ஒரு தாமதமான தாக்குதலால் மஞ்சள் அட்டை வாங்கினார், அதனால்தான் இறுதியை இழந்தார். அதிலிருந்து ஏதாவது கற்றாரா என்றால், காம்ப் நோ இரவுக்குப் பத்து நாள் கழித்து வெம்ப்ளியில் இங்கிலாந்துக்காக ஸ்வீடனுக்கு எதிராக ஆடியபோது வெளியேற்றப்பட்டார். இங்கிலாந்து அணிக்கு ஆடும்போது பழைய வெம்ப்ளியில் வெளியேற்றப்பட்ட ஒரே வீரர் அவர்தான். பிரீமியர் லீக்கில் மட்டும் 97 மஞ்சள் அட்டைகள். 'ஸ்கோல்ஸுக்குப் பந்தைப் பறிக்கத் தெரியாது' என்று வர்ணனையாளர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தக் காலணி ஆணிகள் பட்ட கணுக்கால்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. அவரை நேசிப்பவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

லிஸ்பன் 2004 எழுதியது:

என் நினைவு லிஸ்பனில், 2004 ஜூன் 21 அன்று, யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) போட்டியில் இங்கிலாந்து குரோஷியாவுக்கு எதிராக ஆடியபோது. ஆட்டம் தொடங்கியதுமே பின்தங்கிவிட்டோம். முதல் பாதி முடியும் வேளையில் ஸ்கோல்ஸ் தலையால் முட்டி சமன்செய்தார். இங்கிலாந்துக்காக அவர் கோல் அடித்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓடிவந்து அணைத்த வீரர்கள் அவரைவிட அதிகமாக மகிழ்ந்தார்கள். அவர் முகத்தில் நிம்மதி கூட இல்லை; யாரோ கேட்டதைக் கொடுத்து முடித்தவரின் முகம் அது. மூன்று நாள் கழித்து போர்ச்சுகலுக்கு எதிராக இரண்டாம் பாதியில் அவரை வெளியே எடுத்தார்கள், அதுவே அவருடைய கடைசிப் பன்னாட்டு ஆட்டமாயிற்று. ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தபோது வயது 29.

நடுக்கள வீரர்களான ஜெரார்டையும் லாம்பார்டையும் நடுவில் நிறுத்துவதற்காக, நாட்டின் மிகச் சிறந்த பந்துக் கொடுப்பாளரை இடப்பக்கக் கோட்டோரம் தள்ளினார்கள். இடப்பக்கம் நின்றால் ஒரு புறம் வெள்ளைக்கோடு. முன்னால் ஒருவர் எழுதியபடி தோளுக்கு மேலாகப் பார்த்து ஆட்டத்தைத் திருப்புகிற ஒருவருக்குப் பார்ப்பதற்கே பாதிக் களம்தான் மிஞ்சும். அப்போதைய இங்கிலாந்துப் பயிற்சியாளர் எரிக்சன் செய்த அந்த ஒரு முடிவை நான் மன்னிக்கவில்லை.

செல்சி மேற்கு எழுதியது:

லிஸ்பன் நண்பரின் வருத்தம் புரிகிறது, ஆனால் வரிசை தவறு. அந்த மூன்றாண்டு வறட்சி இடப்பக்கம் போனதால் தொடங்கவில்லை. 2001 ஜூனில் கிரீஸுக்கு எதிராக அடித்த பிறகு அது தொடங்கியது. 2002 உலகக் கோப்பையில் அவர் யுனைடெட்டின் நிக்கி பட்டுடன் நடுவில்தான் ஆடினார். 66 ஆட்டங்களில் 14 கோல் என்ற கணக்கில் பெரும்பகுதி தொடக்க ஆண்டுகளில் வந்தவை: 1998இல் மார்சேயில் துனீசியாவுக்கு எதிராக ஒன்று, 1999 மார்ச்சில் போலந்துக்கு எதிராக மூன்று, அதே நவம்பரில் ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இரண்டு. லாம்பார்டோ அந்த 2004 போட்டியில் பிரான்ஸ், குரோஷியா, போர்ச்சுகல் மூன்றுக்கும் எதிராக அடித்தார். அப்படிப்பட்டவரை வெளியே உட்கார வைக்க எந்தப் பயிற்சியாளர் துணிவார்? நான் அந்தப் போட்டியில் பிரான்ஸ் ஆட்டத்தை நேரில் பார்த்தேன், கடைசி நிமிடங்களில் ஸிடான் அடித்த இரண்டு கோல்களைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை.

மருந்துப்பை எழுதியது:

என் மகனுக்கு ஆஸ்துமா. 2011 ஆகஸ்டில் நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு எதிராக நடந்த ஸ்கோல்ஸின் விடைபெறும் ஆட்டத்துக்கு அவனை அழைத்துப் போனேன், ஏனென்றால் மூச்சுத்திணறலுக்கான மருந்து உறிஞ்சியை (இன்ஹேலர்) வைத்துக்கொண்டு ஒருவர் இந்த அளவுக்கு ஆட முடிந்தது என்பதை அவன் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். எதிரணியின் பொறுப்பில் கான்டோனா. முதல் கோலைத் தொலைவிலிருந்து ஸ்கோல்ஸே அடித்தார். என் மகன், "இப்படி அடிக்கிறவர் ஏன் போகிறார்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

ஐந்து மாதம் கழித்து, 2012 ஜனவரி 8 அன்று, சிட்டிக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தின் மாற்று வீரர் பட்டியலில் 22ஆம் எண்ணுடன் அவர் பெயர் வந்தது. சக வீரர்கள் சிலருக்குக் கூட உடை மாற்றும் அறையில்தான் செய்தி தெரிந்தது. மகனின் கேள்வி ஸ்கோல்ஸுக்குள்ளும் இருந்திருக்கிறது. அந்த ஆட்டத்தில் இறங்கி அவர் விட்ட ஒரு பந்து சிட்டியின் இரண்டாம் கோலுக்கு வழிவிட்டது. அடுத்த வாரம் போல்டனுக்கு எதிராகக் கோல் அடித்தார். என் மகன் இப்போது பள்ளி அணியில் நடுக்களத்தில் ஆடுகிறான், பந்து வந்த பிறகே தலையை நிமிர்த்துகிறான் என்பதுதான் பயிற்சியாளரின் குறை.

எல்லைக்கோடு எழுதியது:

என் அனுபவம் சிறியது. 2019 பிப்ரவரி 12, ஓல்டம் அத்லெடிக்கின் பவுண்டரி பார்க்; சிறு வயதிலிருந்து தான் நேசித்த அணிக்கு ஸ்கோல்ஸ் மேலாளராக அமர்ந்த முதல் இரவு. யோவிலை 4-1 என்று வென்றோம். பந்து ஒரு பக்கம் இருக்க, அவர் எதிர்ப்பக்கத்து வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 31 நாளில் பதவி விலகினார். அவர் காலத்தில் கிடைத்த ஒரே வெற்றி அதுதான். தன் கண்ணுக்குத் தெரிந்ததை அடுத்தவர் கண்ணுக்குக் கொடுப்பது எவ்வளவு கடினம் என்பதை அன்றே யோசித்திருக்க வேண்டும்.

மருந்துப்பை அவர்களே, நீங்கள் கேட்கவில்லை என்றாலும், சிறுவர்களுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். "பார், பார்" என்று கத்தினால் பிள்ளை உங்களைத்தான் பார்ப்பான். அவனுக்குப் பின்னால் ஒருவர் நின்று விரல்களை உயர்த்தட்டும். பந்து காலைத் தொடும் முன் எத்தனை விரல் என்று அவன் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லப் பழகிய பிறகு விரலுக்குப் பதிலாக ஒரு எதிராளியை நிறுத்துங்கள். எந்தத் தோள்பக்கம் ஆள் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே மறுபக்கம் திரும்பட்டும். முதல் பார்வை பந்து இன்னொருவரிடம் இருக்கும்போதே நடக்க வேண்டும், இரண்டாவது பந்து பயணத்தில் இருக்கும்போது. ஏனென்றால் முதலில் பார்த்த ஆள் அதே இடத்தில் நிற்க மாட்டார். பந்தை நேராக நின்று வாங்காமல், உடம்பைப் பாதி திருப்பி, தொலைவில் உள்ள காலால் வாங்கப் பழக்குங்கள். ஸ்கோல்ஸைப் போல நாற்பது கஜம் அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கால் வலுப்பெறாத வயதில் திரும்பத் திரும்ப உதைக்க விடாதீர்கள். இளமையில் ஸ்கோல்ஸுக்கே ஆஸ்குட் ஷ்லாட்டர் என்ற முழங்கால் தொல்லை இருந்தது. எலும்பு வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே தசைநார் இழுக்கும் இடத்தில் வீங்கி வலிக்கும். அப்படி வலி என்று பிள்ளை சொன்னால் அதைச் சோம்பல் என்று எண்ணாமல் ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். உறிஞ்சி எல்லைக்கோட்டிலேயே, பயிற்சியாளருக்குத் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும்.

மருந்துப்பை எழுதியது:

விரல் பயிற்சியை நாளையே தொடங்குகிறோம். நன்றி.

லிஸ்பன் 2004 எழுதியது:

செல்சி நண்பருக்கு. லாம்பார்டின் மூன்று கோல்களை நான் மறுக்கவில்லை, 2002 பற்றிய திருத்தத்தையும் ஏற்கிறேன். ஆனால் ஸ்கோல்ஸின் வேலையைக் கோல் கணக்கால் அளக்கும் இடத்தில்தான் நாம் பிரிகிறோம். 2004க்குப் பிறகு அவர் யுனைடெட்டில் பின்னுக்கு நகர்ந்து, ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிற இடத்துக்கு வந்தார். 2005 இறுதியில் தொடங்கிய பார்வை மங்கலால் அந்தப் பருவத்தின் பிற்பாதியையே இழந்தவர், திரும்பி வந்து 2007, 2008, 2009, 2011, 2013 என ஐந்து லீக் பட்டங்களை வென்றார். அதே காலத்தில் ஜெரார்டும் லாம்பார்டும் நடுவில் நின்ற இங்கிலாந்து 2008 யூரோவுக்குத் தகுதியே பெறவில்லை, 2010 உலகக் கோப்பைக்கு முன் அப்போதைய இங்கிலாந்துப் பயிற்சியாளர் கப்பெல்லோ ஸ்கோல்ஸை வரச்சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. அவர் மறுத்துவிட்டார். 35 வயதில் அவரைத் தேடிப் போனவர்கள், 29 வயதில் அவரை எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்பதற்கு உங்களிடமிருந்து ஒரு பதிலை எதிர்பார்க்கிறேன்.