புதுப்பிப்பு: தொட்டி கழுவிய மறுநாளே கப்பி மீன்கள் செத்தது ஏன் என்று தெரிந்துவிட்டது

60 லிட்டர் தொட்டியைக் கழுவும்போதெல்லாம் மறுநாளே இரண்டு மூன்று கப்பி மீன்கள் செத்து மிதக்கின்றன என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள் என்று ஒருவர் சொன்ன யோசனைதான். நான் அதைப் பளிச்சென்று ஆகும்வரை பிழிந்துகொண்டிருந்தேன். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா பெரும்பாலும் குடியிருப்பதே அதில்தான், குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அதைக் கொன்றுவிடும். அது செத்தால் மீனுக்கு விஷமான அம்மோனியா தேங்கிவிடும். டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தால் அம்மோனியா 1 பிபிஎம் (லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம்). தீனியைப் பாதியாக்கி, தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றினேன், புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே ஊற்றினேன்.

எதிர்பாராதது ஒன்று: பத்து நாளில் அம்மோனியா இறங்கியது, ஆனால் நைட்ரைட் ஏறி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. லிட்டருக்கு 1 கிராம் அயோடின் கலக்காத கல் உப்பு கரைத்தேன். உப்பின் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைக் குறைக்கும். ஐந்தாவது வாரம் இரண்டும் பூஜ்யம்.

இப்போதெல்லாம் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் ஸ்பாஞ்சை இரண்டு முறை அமுக்கி எடுப்பதோடு சரி. நேற்று ஜாவா பாசிக்குள் ஏழு குட்டிகள், கண் மட்டும் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தன.