பின்னதிர்வு போதுமா? 'தொடர்நடுக்கம்' என்று ஒரு முன்மொழிவு

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு வரும் நடுக்கத்தைக் குறிக்கும் 'ஆஃப்டர்ஷாக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எது பொருந்தும் என்று இந்த வாரம் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். "பின்னதிர்வு ஏற்கெனவே செய்தித்தாளில் புழங்குகிறது, அதை ஏன் கலைக்க வேண்டும்?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். புழங்கும் சொல்லைத் தள்ளிவிட்டுப் புதுச்சொல் கொண்டுவருவதில் எனக்கும் விருப்பமில்லை. ஆனால் இந்த ஒரு சொல் ஒரு நாள் என்னையே ஏமாற்றியது. அதைச் சொல்லிவிட்டு என் வாதத்துக்கு வருகிறேன்.

2012 ஏப்ரல் 11. சென்னையில் மூன்றாம் மாடி அலுவலகம். மதியம் இரண்டு மணி கடந்து சில நிமிடங்கள். மேசையில் இருந்த பாட்டிலில் தண்ணீர் இப்படியும் அப்படியும் சாய்ந்தது, யாரும் தொடவில்லை. பிறகுதான் நாற்காலி நகர்வது தெரிந்தது. எல்லோரும் படியிறங்கித் தெருவுக்கு ஓடினோம். ஒரு மணி நேரம் நின்றுவிட்டு மேலே போனோம். நாலேகால் மணி வாக்கில் மறுபடியும் ஆடியது. பக்கத்து இருக்கைக்காரர், "இது பின்னதிர்வுதான், இனிமேல் சின்னச் சின்னதாத்தான் வரும்" என்றார். நானும் நம்பி உட்கார்ந்துவிட்டேன். சொல்லே அப்படித்தானே சொல்கிறது?

ராத்திரி விவரம் தெரிந்தது. சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் முதலில் வந்தது 8.6 அளவுள்ள நிலநடுக்கம். இரண்டு மணி நேரம் கழித்து வந்தது 8.2. பதிவானவற்றிலேயே மிகப் பெரிய பின்னதிர்வுகளில் அதுவும் ஒன்று. 2001-இல் குஜராத்தைக் குலைத்த பூகம்பம் 7.7. அதைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான ஆற்றல் அந்த 8.2-இல் வெளிப்பட்டது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'அதிர்வு'. சட்டைப் பையில் கைபேசி செய்வதும் அதிர்வுதான்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. முதலில் வந்தால் நிலநடுக்கம், அப்புறம் வந்தால் அதிர்வு. 'பின்' என்பது ஒரு முறை சிறிதாக்குகிறது, 'அதிர்வு' இன்னொரு முறை சிறிதாக்குகிறது. ஜப்பானியர் எல்லாவற்றுக்கும் ஒரே 'ஷின்' என்ற பகுதியைத்தான் வைத்திருக்கிறார்கள்: முன் வருவது ஸென்ஷின், முதன்மையானது ஹொன்ஷின், எஞ்சி வருவது யோஷின். அப்படியிருந்தும் 'எஞ்சியது' என்ற பொருளே அவர்களுக்குத் தொல்லையாகிவிட்டது.

ஜப்பானின் குமமோட்டோவில் 2016 ஏப்ரல் 14 இரவு, ஜப்பானிய அளவையில் 6.5 அளவுள்ள நடுக்கம். ஒன்பது பேர் இறந்தார்கள். மறுநாள் அறிவிப்புகள் எல்லாம் 'யோஷின்' பற்றியே பேசின. பெரியது முடிந்தது என்று எண்ணிப் பலர் விரிசல் விட்ட வீடுகளுக்கே திரும்பிப் படுத்தார்கள். முதல் நடுக்கம் வந்து 28 மணி நேரத்தில், 16-ஆம் தேதி அதிகாலை, 7.3. முதல் இரவைவிட அதிகம் பேர் அன்றுதான் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அரசின் நிலநடுக்க ஆய்வுக் குழு, பெரிய நடுக்கம் வந்த கையோடு தரும் அறிவிப்புகளில் 'யோஷின்' என்ற சொல்லைத் தவிர்க்க முடிவெடுத்தது. வெறுமனே 'நிலநடுக்கம்' என்றே சொல்லலாம் என்றது. ஒரு கலைச்சொல்லை அறிஞர்களே திரும்ப எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி இது. நம் குழு இதைக் கவனிக்காமல் போகக்கூடாது.

முன்னதிர்வு, முதன்மை, பின்னதிர்வு ஆகிய மூன்றும் எல்லாம் ஓய்ந்த பிறகு கொடுக்கும் பட்டங்கள். 2011 மார்ச் 9 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலில் வந்த 7-க்கு மேற்பட்ட நடுக்கத்தை அன்றைக்கு யாரும் முன்னதிர்வு என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து 9 அளவுக்கு வந்ததும்தான் அதற்கு அந்தப் பெயர் கிடைத்தது. நடந்துகொண்டிருக்கும்போது சொல்ல நம்மிடம் ஒரு சொல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவ ஊரில், விழிப்புணர்வுத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கி வாசித்துக் காட்டினேன். மீன்கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கேட்டார்: "பின்னாடி வரும்னு போட்டிருக்கீங்களே தம்பி, பின்னாடின்னா எது வரைக்கும்?" அப்போது என்னிடம் பதில் இல்லை. ஒமோரி ஃபுசாகிச்சி என்ற ஜப்பானிய நிலநடுக்க அறிஞர் 1894-லேயே பதில் சொல்லியிருக்கிறார் என்று பிறகு படித்தேன். முதல் நாள் நூறு பின்னதிர்வுகள் வந்தால் பத்தாம் நாள் சுமார் பத்து, நூறாம் நாள் ஒன்று. அவர் ஆராய்ந்த, ஜப்பானின் 1891 நோபி பூகம்பத்தின் வால், நூறாண்டு கழித்தும் பதிவாகிக்கொண்டிருந்தது. இதில் முக்கியம் என்னவென்றால், குறைவது எண்ணிக்கைதான். ஒவ்வொன்றின் அளவும் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் என்று விதி எதுவும் இல்லை. என் அலுவலக நண்பர் பிசகிய இடம் இதுதான். அவரைப் பிசக வைத்தது சொல்.

ஆகவே என் முன்மொழிவு: தொடர்நடுக்கம்.

இது வினைத்தொகை. தொடர்ந்த நடுக்கம், தொடர்கின்ற நடுக்கம், தொடரும் நடுக்கம் என்று மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கிறது. வந்துபோனதும் இனி வரப்போவதும் ஒரே சொல்லில் அடங்கும். பெரிதா சிறிதா என்று அது எந்த வாக்கும் கொடுப்பதில்லை. 'இடைவிடாமல் ஆடுவது என்று பொருள்படாதா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். தொடர்கதை இடைவிடாமலா வருகிறது? வாரத்துக்கு ஒன்றுதானே.

2005 மார்ச் 28 இரவு இந்தோனேசியாவின் நியாஸ் தீவருகே வந்த 8.6-ஐ எதில் சேர்ப்பது என்ற சிக்கலும் இதில் தீரும். 2004 டிசம்பர் 26-இல் கிழிந்த பிளவுக்கு அடுத்த துண்டு அது. முதல் கிழிசல் அங்கே அழுத்தத்தைக் கூட்டிவிட்டது என்று வட அயர்லாந்து ஆய்வாளர்கள் அதற்குப் பதினொரு நாள் முன்புதான் எழுதியிருந்தார்கள். அதைப் பின்னதிர்வு என்று அழைக்க நா எழாது. தொடர்நடுக்கம் என்றால் உறுத்தவில்லை.

சரி, சுனாமிக்கு வருகிறேன். அதற்குத் தமிழ்ச் சொல்லாக 'நடுக்க அலை' என்று ஒரு நண்பர் முன்மொழிந்திருக்கிறார். அன்போடு மறுக்கிறேன். சுனாமியை எழுப்புவது ஆட்டம் அல்ல. கடல்தரை மேலோ கீழோ பெயர்ந்து, அதன் மேல் நிற்கும் தண்ணீர் முழுவதையும் தள்ளுவதுதான். 2004-இல் சுமார் 1300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு கிழிந்து, கடல்தரை மீட்டர் கணக்கில் எழும்பியது. 2012-இல் 8.6 அளவுக்கு ஆடியும் தரை பக்கவாட்டில் வழுக்கியதால் நம் கரைக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. 2018 டிசம்பரில் இந்தோனேசியாவின் அனாக் கிரக்கடாவ் எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தபோது, பெரிய நிலநடுக்கம் எதுவும் இல்லாமலே சுனாமி வந்து நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. ஆக நடுக்கம் இருந்தும் அலை இல்லாமல் போகலாம், நடுக்கம் இல்லாமலும் அலை வரலாம். பெயரில் இரண்டையும் முடிச்சுப் போட்டால், 'ஆடவில்லையே, கரையில் நிற்கலாம்' என்ற நினைப்புக்கு நாமே வழிசெய்கிறோம். 2004-இல் நாகையில் எத்தனை பேருக்கு ஆட்டம் தெரிந்தது?

ஆழிப்பேரலை அழகான சொல், கவிதையில் நிற்கட்டும். ஆனால் ஆழ்கடலில் அது பேரலை அல்ல. 2004-இல் இரண்டு மணி நேரம் கழித்துச் செயற்கைக்கோள் அளந்தபோது உயரம் அரை மீட்டரைச் சற்றே தாண்டியிருந்தது. படகில் இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. 'துறைமுக அலை' என்ற ஜப்பானியப் பெயர் அதனால் வந்ததுதான். நம் கடற்கரையில் "சுனாமிக்கு முந்தி, சுனாமிக்கு அப்புறம்" என்றுதான் காலத்தையே கணக்கிடுகிறார்கள். சுனாமி குடியிருப்பு என்று முகவரி எழுதுகிறார்கள். அந்த மக்கள் உறவுகளைப் பறிகொடுத்துக் கற்ற சொல் அது. அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை என்பது என் திடமான எண்ணம்.

பாடநூலில், நடந்து முடிந்த நிகழ்வுகளை விளக்கும் இடத்தில், பின்னதிர்வு இருந்துவிட்டுப் போகட்டும். அறிவிப்புக்குத்தான் நான் கேட்கிறேன். இந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: "தொடர்நடுக்கங்கள் வரலாம், அவற்றில் ஒன்று இதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம், விரிசல் விட்ட வீட்டுக்குள் போகாதீர்கள்." இப்போது முதல் சொல்லை எடுத்துவிட்டு அங்கே பின்னதிர்வுகள் என்று போட்டுப் படியுங்கள்.