நேட்டாலுக்குப் போன கப்பல் தாத்தா: 62 சென்டிமார்கனை நம்பலாமா?

வணக்கம். எங்களுக்குப் போளூர் பக்கம். என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி வீட்டில் கோபித்துக்கொண்டு மதராஸில் கப்பலேறி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். திரும்பவே இல்லை. அவருடைய சொம்பில் சாகும்வரை யாரையும் தண்ணீர் குடிக்க விடவில்லையாம் அவர் அம்மா. அந்தப் பித்தளைச் சொம்பு இப்போது என்னிடம் இருக்கிறது. கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. ‘மு’ மட்டும் தேய்ந்துவிட்டது.

போன மாதம் டி.என்.ஏ. முடிவு வந்தது. நேட்டாலின் டர்பன் நகரத்தில் ஒரு அம்மாவோடு 62 சென்டிமார்கன் (இருவருக்கும் பொதுவான டி.என்.ஏ.வை அளக்கும் அலகு) பொருந்துகிறது. அவருடைய எள்ளுத்தாத்தாவும் முனுசாமிதான். 1884இல் போனவர், வட ஆற்காடு, போளூர் தாலுகா. ஆனால் கப்பலில் போனவர்களைப் பதிந்த பட்டியலில் உள்ள ஊர்ப் பெயர் எங்கள் ஊர் மாதிரி இல்லை. அவர்தானா இவர்?

பதில் 1:
ஐயா, 62 என்ற எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டியவர்கள் நாம். தூரத்து உறவுகூடக் கிட்டத்து உறவு போலக் காட்டும். டி.என்.ஏ. ஒரே துண்டாக நீளமாகப் பொருந்துகிறதா, சின்னச் சின்னத் துண்டுகளாகவா என்று பாருங்கள்; நீளத் துண்டு இருந்தால்தான் நம்பிக்கை கூடும். வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் அவருக்கும் சோதனை செய்யுங்கள். ஒரு தலைமுறை நெருங்கிவிடலாம்.

பதில் 2:
1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அதில் எத்தனை முனுசாமிகளோ! ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தகப்பன் பெயரும் அங்க அடையாளமும் பட்டியலில் இருக்கும். உங்கள் பக்கம் தகப்பன் பெயர் வேண்டுமென்றால் பழைய கிரயப் பத்திரத்தைத் தேடுங்கள், ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்றுதான் எழுதுவார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பெரிய துண்டு மட்டும் 34 சென்டிமார்கன். பரணிலிருந்த டிரங்குப் பெட்டியில் கொள்ளுத்தாத்தா நிலம் வாங்கிய பத்திரம் கிடைத்தது: ‘பெருமாள் குமாரர்’. டர்பன் பட்டியலிலும் தகப்பன் பெயர் பெருமாள்! எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பெருமாள் உண்டு, அதனால் இன்னும் உறுதி சொல்ல மாட்டேன். 84 வயது அத்தையின் எச்சிலை நேற்று டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பிவிட்டேன். குழாயில் கோடு வரை நிரம்ப அரை மணி நேரம் ஆனது. முடிந்ததும் அத்தை கேட்டது ஒன்றுதான்: “அந்தப் பொண்ணுக்குச் சொம்பைப் பத்திச் சொன்னியா?”