டிஎன்ஏ ஒன்று, பி செல்லும் டி செல்லும் ஏன் வேறு?

ஈசூன் அம்மா:
மகள் ஜேசியில் (ஜூனியர் கல்லூரி) எச்2 நிலை உயிரியல் படிக்கிறாள். எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏ என்றால், நோயை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்களான பி செல்லும் டி செல்லும் ஏன் வேறு வேலை பார்க்கின்றன என்று கேட்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பயோபோலிஸ் லேப்காரன்:
அக்கா, எந்த மரபணு விழித்திருக்கிறது என்பதில்தான் விஷயம். லேபில் ரத்த செல்களைச் சாயமேற்றி ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் கருவியில் விட்டால், திரையில் சிடி19 என்ற மேற்பரப்புப் புரதம் உள்ள பி செல்கள் ஒரு புள்ளிக் கூட்டம், சிடி3 என்ற புரதம் உள்ள டி செல்கள் தள்ளி இன்னொரு கூட்டம். அந்த சிடி19 மரபணுவை இயக்குவது பாக்ஸ்5 என்ற புரதம். டி செல்லுக்கு வேண்டிய சில மரபணுக்களை அடக்கி வைப்பதும் அதேதான். எலியின் முதிர்ந்த பி செல்லில் பாக்ஸ்5-ஐ நீக்கினால், அது இளம்நிலைக்குத் திரும்பி டி செல்லாகவே வளர முடியும். 2007இல் வியன்னாவில் காட்டினார்கள். அடேங்கப்பா என்றுதான் சொல்லத் தோன்றும்!

அப்புறம் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு. சொந்த உடம்பைத் தாக்காமல் தடுக்கும் டி செல்களுக்கு இதுதான் எஜமான். இது பழுதான, ஸ்கர்ஃபி எனப்படும் வகை ஆண் எலிகள் சில வாரங்களில் செத்துவிடும்; குழந்தைகளில் ஐபெக்ஸ் என்ற கடும் நோய். 2025 மருத்துவ நோபல் இந்தத் துறைக்குத்தான்: பிரன்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி.

டியூஷன் சார்:
ஒரு திருத்தம் தம்பி. 'ஒரே டிஎன்ஏ' முழுக்கச் சரியில்லை. பி செல் தன் ஆன்டிபாடி மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டிக்கொள்கிறது. டி செல்லும் கிருமியை அடையாளம் காணும் தன் ஏற்பிக்கு அப்படியே. விஞ்ஞானி டோனெகாவா 1987இல் நோபல் வாங்கியது ஆன்டிபாடி மரபணு பற்றிய இந்தக் கண்டுபிடிப்புக்குத்தான்.

பயோபோலிஸ் லேப்காரன்:
ஆமாம் சார். அப்படி வெட்டும் புரதங்களைத் தரும் ராக் என்ற மரபணுக்களும் வளர்ச்சியின் குறிப்பிட்ட கட்டங்களில்தான் இயங்கும்.

ஈசூன் அம்மா:
நன்றி தம்பி, நன்றி சார். ஸ்கர்ஃபி எலி படம் தேடிக்கொண்டிருக்கிறாள்.