காட்டுவாழைக்கு மருந்தே அடிக்கல, இலை பச்சுனு நிக்கு, என் ஏத்தன் வாழை (நேந்திரன்) மட்டும் கருகுது ஏன்?

குலசேகரம்_விளை:
எங்க விளையில ஏத்தன் போட்டிருக்கேன், ரெண்டு பருவமழையும் அடிக்குற ஊரு பாத்துக்கோங்க, மழை பிடிச்சா இலைப்புள்ளி வந்து கீழ உள்ள இலையெல்லாம் காஞ்சு தொங்குது, குலை முத்துறதுக்கு நாலு நல்ல இலை மிஞ்ச மாட்டேங்கு. ஆனா ஓடைக்கரையில ஒரு காட்டுவாழை நிக்கு, அதே மழைதான், இலையில ஒண்ணுமே இல்ல. அதுல அப்படி என்ன இருக்கு?

மலையோரம்:
அண்ணே, அந்த இலையை வெயிலுக்கு நேரா பிடிச்சு பாருங்க, ஊசி குத்துன மாதிரி பொட்டு இருக்கலாம். பூஞ்சை வித்து ஈர இலையில முளைச்சு மூச்சுத்துளை வழியாத்தான் உள்ள போகும். எதிர்ப்பு உள்ள செடி அதை உடனே கண்டுபிடிச்சு, அந்த எடத்துல இருக்க தன் செல்லைத் தானே சாகடிச்சுரும், பூஞ்சை அதுக்குமேல பரவ முடியாம அங்கயே நின்னுரும். ஏத்தன் முழிக்கதுக்குள்ள பூஞ்சை இலை பூரா ஓடிரும். கல்கத்தா 4னு ஒரு காட்டுவாழை இப்படித்தான் சிகடோகாங்குற இலைப்புள்ளி நோயைத் தடுக்குது, நைஜீரியாவுல ஏத்தனோட சொந்தக்கார வாழைகளை அதோட சேத்து புது ரகம் எடுத்திருக்காங்க.

பால்வெட்டு:
இன்னொண்ணும் இருக்கு. காட்டுவாழை விதையில முளைக்குது, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. நம்ம ஏத்தன் கன்னுல இருந்து கன்னு, எல்லாம் ஒரே அச்சு, ஒண்ணோட பூட்டை பூஞ்சை தொறந்துட்டா விளை பூரா தொறந்த மாதிரிதான். ரப்பரும் அப்படித்தான், அமேசான் காட்டுல ஏக்கருக்கு ஒண்ணு ரெண்டுனு செதறி நிக்க மரம் அங்க உள்ள இலைக்கருகல் நோயோடயே வாழ்ந்துட்டு இருந்துச்சு, 1928ல ஃபோர்டு கம்பெனி அங்க ஃபோர்டுலாண்டியானு தோட்டம் போட்டு நெருக்கி வச்சதும் அதே நோய் மரத்தை மொட்டையாக்கிருச்சு. நம்ம பக்கம் ரப்பர் ஒட்டுக்கன்னுல பெரும்பாலும் RRII 105ங்குற ஒரே ரகம் மட்டுமே நிக்குறதை நெனச்சா எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கு, அந்த நோய் இன்னும் ஆசியாவுக்கு வரலங்கறதுதான் நம்ம பாக்கியம்.

குலசேகரம்_விளை:
அப்பம் அந்தக் காட்டுவாழையை தோண்டி வந்து ஏத்தனை அதுல ஒட்டு கட்டலாமா?

மலையோரம்:
வாழையில ஒட்டு பிடிக்காதுண்ணே, மாமரம் மாதிரி இல்ல அது. ஓடைக்கரையிலயே நிக்கட்டும், வெட்டிராதீங்க, அந்த விதைதான் நாளைக்கு ஆராய்ச்சிக்காரங்களுக்கு வேணும். இப்பம் புள்ளி விழுந்த இலையை அறுத்து வெளிய கொண்டுபோய் எரிங்க, பக்கக்கன்னைக் கழிச்சு காத்து போக வழி விடுங்க, இலையில ஈரம் சீக்கிரம் காஞ்சா பூஞ்சை வித்து முளைக்காது.