மறு: மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் – தமிழில் எப்படி?

அன்பர்களுக்கு வணக்கம். செவிலியர் பாடநூலில் காயம் ஆறுவதைப் பற்றிய இயலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் என்பதற்குத் 'திசுச் சிதைப்பு நொதி' என்று எழுதினேன். அடுத்த பத்தியே 'இது வளர்ச்சிக் காரணிகளை (செல்களை வளரத் தூண்டும் புரதங்களை) நெறிப்படுத்துகிறது' என்கிறது. சிதைப்பது எப்படி நெறிப்படுத்தும் என்று வகுப்பில் கேட்பார்களே?

* * *

ஐயா, பெயரைப் பிரித்துப் பாருங்கள். மெட்டலோ என்றது உலோகத்தை. இந்நொதியின் வெட்டும் இடத்தில் துத்தநாகம் இருக்கிறது. புரோட்டினேஸ் என்றால் புரதத்தை வெட்டும் நொதி. மேட்ரிக்ஸ் இலத்தீனில் கருப்பை. அதன் வேர் தாய். இலங்கைக் கணிதநூல்கள் மேட்ரிக்ஸைத் 'தாயம்' என்றே சொல்கின்றன. செல்களைச் சூழ்ந்து தாங்கும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? 'தாயப் புரதவெட்டி' என்பேன்.

* * *

தாயம் என்றால் படிப்பவர் மனத்தில் பகடைதான் உருளும். அது பங்குரிமையைக் குறிக்கும் வடசொல். தாயாதியும் அவ்வழி வந்ததே. தாய்க்கும் அதற்கும் உறவில்லை. 'வெட்டி'யின் இகர விகுதி இலக்கணப்படி சரி, ஆனால் வழக்கில் அது வீண் என்று பொருள்பட்டுவிட்டது.

* * *

இந்நொதிகளைப் பாடமாக நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாயத்தை விடுங்கள், 'சிதைப்பு'தான் சிக்கல். 1962இல் தலைப்பிரட்டையின் வால் எப்படி மறைகிறது என்று ஆராய்ந்தபோது கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை அறுக்கும் நொதி அகப்பட்டது. அன்று முதல் இக்குடும்பமே அழிப்பது என்று பெயர் வாங்கிவிட்டது. மனிதரிடம் இவற்றில் 23 உண்டு. அவை செய்வது அழிப்பு மட்டுமன்று.

வளர்ச்சிக் காரணிகள் பல, திசுவில் கட்டுண்டு கிடப்பவை. இரத்தக்குழாயை வளர்க்கும் விஇஜிஎஃப் செல்வெளிப் பொருளின், அதாவது மேட்ரிக்ஸின், சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டியிருக்கும். டிஜிஎஃப்-பீட்டா என்னும் மற்றொரு காரணியை அதனோடு சேர்ந்தே உருவான முன்புரதத் துண்டு உறைபோல மூடியிருக்கும். இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணிகளை வேறு புரதங்கள் பிடித்துவைத்திருக்கும். நொதி அந்தப் பிடியை வெட்டியதும் காரணி விடுபட்டு, செல்லில் அதை ஏற்கும் புரதமான ஏற்பியை அடைகிறது. சில வேளை வெட்டு காரணியின் மேலேயே விழுந்து அதை முடக்கும். நாள்பட்ட புண்களில் நொதி மிகுந்து, புண்ணை ஆற்ற வேண்டிய காரணிகளையே தின்றுவிடுகிறது. மட்டுப்படுத்த டிம்ப் என்னும் தடுப்பான்கள் நான்கு உண்டு. எந்தப் புரதம், எப்போது, எவ்வளவு வெட்டுப்படுகிறது என்பதில்தான் நெறிப்படுத்தல் இருக்கிறது. ஆகவே 'அவிழ்ப்பு நொதி' என்று சொல்லிப் பார்க்கலாமா?

* * *

அவிழ்! மொட்டு அவிழும், முடிச்சு அவிழும், சோற்றுப் பருக்கைக்கும் அவிழ் என்றே பெயர். நோயின் கட்டை அவிழ்ப்பதால்தான் மருந்து அவிழ்தம் ஆயிற்று.

* * *

அவிழ்தம் ஔடதத்தின் திரிபு, அம்மா. அதை வேராகக் காட்ட முடியாது. அதைவிடப் பெரிய இடையூறு ஒன்று: புரதம் தன் மடிப்பு குலைந்து விரிவதையும் 'அவிழ்தல்' என்றே எழுதுகிறோம். இந்நொதி மடிப்பை விரிப்பதில்லை, வெட்டுகிறது. மாணவர் தேர்வில் இரண்டையும் குழப்புவார்.

* * *

'அவிழ்ப்பு' சொன்ன எனக்கு இந்தத் தடை தோன்றவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பெயரில் 'பகுப்பு' இருக்கட்டும். 'விடுவிக்கிறது' என்பதை வினையாக வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

நன்றி. 'செல்வெளிப் புரதப்பகுப்பு நொதி' என்று முதல் இடத்தில் எழுதி, பிறகு ஆங்கிலப் பெயரின் சுருக்கமான எம்எம்பி என்றே விடுகிறேன். சிதைப்பு போய்விட்டது, வகுப்பில் வரும் கேள்விக்கு 'விடுவிக்கிறது' பதில் சொல்லும்.

* * *

பகுப்பு எனக்கும் உடன்பாடே. ஆனால் செல்வெளி என்றால் வெற்றிடம் போல ஒலிக்கிறது. அங்கே கொலாஜனும் சர்க்கரைச் சங்கிலியும் நெருங்கிக் கிடக்கின்றன என்று இப்போதுதான் படித்தோம். தாயம் வேண்டாமென்றால் மேட்ரிக்ஸுக்கு வேறொரு சொல் தாருங்கள். வெள்ளிக்குப் பிறகானாலும் சரி.